பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)

நண்பர்களே, ஒரு சின்னக் கேள்வி. 30 சேனல் பி.சி.எம். அமைப்பில் மொத்தம் எத்தனை டைம்ஸ்லாட்? "32!" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். சரி, அடுத்த கேள்வி. 20வது சேனல் எந்த டைம்ஸ்லாட்டில் போகிறது? இங்கே பாதிப் பேர் மேலே விட்டத்தைப் பார்ப்பார்கள். மூன்றாவது கேள்வி: மல்டிபிளக்சரின் மெயின் கார்டு செத்துப்போய் ஸ்டாண்ட்பை கார்டு வேலைக்கு வந்தால், அந்த 20வது சேனல் பழைய இடத்துக்கே போய்ச் சேரும் என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா?

அமைதி. முழு வகுப்பும் அமைதி.

இந்த அமைதியைப் பற்றித்தான் எழுத வந்தேன். நம் படிப்பில் ஃபிரேம் இருக்கிறது, பிட் ரேட் இருக்கிறது, பிளாக் டயகிராம் இருக்கிறது. ஆனால் 'யார் எங்கே போகிறார்கள்' என்ற மேப்பும், 'ஒன்று போனால் இன்னொன்று எப்படி வரும்' என்ற மாற்று ஏற்பாடும் நம் கைக்கு வருவதே இல்லை. நாளைக்கு டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குப் போனால் இரவு ஷிப்டில் நம்மைத்தான் உட்கார வைப்பார்கள். வடிவமைப்பது வேறு யாரோ. விடியற்காலை 2 மணிக்கு அலாரம் அடிக்கும்போது ராக் முன்னால் நிற்கப் போவது நாம்தான். அப்போது நமக்கு வேண்டியது மேப்பும் சேஞ்ச்ஓவரும். ஆகவே, இந்த இரண்டையும் லேபிலேயே கற்றுத்தர வேண்டும், அதற்கு நம் மாணவர் மன்றம் முன்கை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

32 வீட்டுத் தெரு

முதலில் அடிப்படையை ஒரு முறை ஞாபகப்படுத்திக் கொள்வோம். ஒரு வினாடிக்கு 8000 முறை நம் குரலை 'சாம்பிள்' எடுக்கிறோம். அதாவது 125 மைக்ரோ வினாடிக்கு ஒரு முறை. ஒவ்வொரு சாம்பிளும் 8 பிட். 8000 x 8 = 64,000. ஆக ஒரு குரலுக்கு 64 கிலோபிட். இப்படி 32 டைம்ஸ்லாட்டை வரிசையாக அடுக்கினால் 256 பிட் கொண்ட ஒரு ஃபிரேம். வினாடிக்கு 2.048 மெகாபிட். இதுதான் நாம் 'ஈ-ஒன்' என்று சொல்வது.

இதை 32 வீடு உள்ள ஒரு தெருவாக நினைத்துக் கொள்ளுங்கள். 0 எண் வீட்டில் தெருக்காவலர் குடியிருக்கிறார். ஃபிரேம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அடையாளம் காட்டுவது அவர் வேலை. ஒன்று விட்டு ஒரு ஃபிரேமில் 0011011 என்ற அடையாளம் அங்கேதான் வரும். 16 எண் வீடு சிக்னலிங்குக்கு. யார் ரிசீவரை எடுத்தார், யார் வைத்தார் என்ற சேதி எல்லாம் அங்கே. மீதி 30 வீட்டில் 30 குரல்.

இதில்தான் முதல் வழுக்கல் இருக்கிறது. 1 முதல் 15 வரை சேனல் எண்ணும் டைம்ஸ்லாட் எண்ணும் ஒன்றே. 16வது டைம்ஸ்லாட்டைச் சிக்னலிங் பிடித்துக்கொண்டதால் 16வது சேனல் 17வது டைம்ஸ்லாட்டுக்குத் தள்ளப்படுகிறது. அதிலிருந்து கடைசி வரை எல்லாம் ஒன்று தள்ளி. 20வது சேனல் என்றால் 21வது டைம்ஸ்லாட். 20வது டைம்ஸ்லாட் என்றால் 19வது சேனல். ஒருவர் போனில் "இருபதை மாத்துப்பா" என்கிறார். சேனல் இருபதா, டைம்ஸ்லாட் இருபதா? கேட்காமல் மாற்றினால் இரண்டு பேர் லைன் அவுட்!

சிக்னலிங்கும் லேசுப்பட்டதில்லை. 16 ஃபிரேம் சேர்ந்தது ஒரு மல்டிஃபிரேம், மொத்தம் 2 மில்லி வினாடி. 0வது ஃபிரேமின் 16வது டைம்ஸ்லாட்டில் மல்டிஃபிரேமின் தொடக்க அடையாளம். அதற்கடுத்த 15 ஃபிரேமில், ஒவ்வொன்றிலும் இரண்டு சேனலுக்கு நாலு நாலு பிட். 5வது ஃபிரேம் என்றால் 5வது சேனலும் 20வது சேனலும். ஆகவே மேப்பில் ஒரு சேனலை இடம் மாற்றினால் குரலை மட்டும் மாற்றினால் போதாது, அதன் சிக்னலிங்கும் கூடவே போக வேண்டும். குரல் ஒரு பக்கம், மணி அடிப்பது இன்னொரு பக்கம் என்று ஆனால் எப்படி இருக்கும்? கல்யாணம் ஒரு மண்டபத்தில், நாதஸ்வரம் இன்னொரு மண்டபத்தில்!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தபாலில் போடும் கடிதத்தின் மேல் விலாசம் இருக்கும். டைம்ஸ்லாட்டில் போகும் 8 பிட்டின் மேல் யார் பெயரும் கிடையாது. அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த இடம்தான் அதன் விலாசம். அப்படியானால் மேப் தப்பாக இருந்தால் என்ன அலாரம் வரும்? எந்த அலாரமும் வராது! சிக்னல் இருக்கிறது, ஃபிரேம் கிடைக்கிறது, பிழை விகிதம் பூஜ்யம். குரல் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்கும், ஆனால் தப்பான ஆளுக்கு. பச்சை விளக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

மிஷினுக்குத் தெரிந்தது 'பிட் வருகிறதா' என்பது மட்டும். 'சரியான ஆளுக்குப் போகிறதா' என்பது மனுஷனுக்கு மட்டுமே தெரியும். அந்த மனுஷன் கையில் மேப் இருக்க வேண்டும்.

இரண்டா, இருபத்திரண்டா?

ஈ-ஒன்னில் ஒன்று தள்ளிப்போகும் குழப்பம் என்றால், எஸ்.டி.எச்.சில் அதற்கு மேல். 1988ல் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு வகுத்த இந்த முறையில் முதல் படி எஸ்.டி.எம்.-1. வேகம் 155.52 மெகாபிட். 9 வரிசை, 270 நெடுவரிசை, அதே 125 மைக்ரோ வினாடி. இதற்குள் 63 ஈ-ஒன் அடங்கும். எப்படி? மூன்று பெரிய பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஏழு சின்னப் பெட்டி, ஒவ்வொரு சின்னப் பெட்டிக்குள்ளும் மூன்று அறை. 3 x 7 x 3 = 63.

அறைக்கு நம்பர் போடுவதில்தான் தகராறு. சில தயாரிப்பாளர்கள் முதல் பெட்டியை முழுக்க எண்ணி முடித்துவிட்டுத்தான் அடுத்த பெட்டிக்குப் போவார்கள். 1 முதல் 21 வரை முதல் பெட்டி, 22 முதல் 42 வரை இரண்டாவது, மீதி மூன்றாவது. இன்னும் சிலர் சீட்டுக்கட்டுப் பிரிக்கிற மாதிரி, முதல் பெட்டிக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒன்று என்று சுற்றிச்சுற்றி எண்ணுவார்கள். விளைவு என்ன? ஒரு கம்பெனி '2' என்று சொல்லும் அதே அறையை இன்னொரு கம்பெனி '22' என்று சொல்லும். அவர்கள் '2' என்பதை இவர்கள் '22' என்பார்கள். இந்த முனையில் ஒரு கம்பெனியின் பெட்டி, அந்த முனையில் இன்னொரு கம்பெனியின் பெட்டி என்று வைத்தால், இரண்டு பக்கமும் '2' என்று டைப் அடித்துவிட்டு "ஏன் சார் வரலே?" என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

நான் உட்கார்ந்து பேனாவும் பேப்பருமாக 63க்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு முறையிலும் ஒரே நம்பர் வருவது 21 அறைகளுக்கு மட்டும். பெரிய பெட்டியின் எண்ணும் கடைசி அறையின் எண்ணும் ஒன்றாக இருந்தால் நம்பர் ஒத்துப்போகும், இல்லையென்றால் மாறிவிடும். மீதி 42ம் வேறு வேறு. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 1 ஒத்துப்போகிறது. 63 ஒத்துப்போகிறது. நட்டநடுவில் உள்ள 32ம் ஒத்துப்போகிறது! நம்மாள் என்ன செய்வார்? "முதல், நடு, கடைசி மூணும் பார்த்தாச்சு, எல்லாம் ஓ.கே." என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி. டைம்ஸ்லாட்டுக்குச் சரிப்படாது. ஒவ்வொரு சோற்றையும் நசுக்கிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அண்ணன் நோட்டு தம்பியிடம் இருக்கிறதா?

அடுத்தது மாற்று ஏற்பாடு. இதில் இரண்டு வகையை நாம் நன்றாகப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகை 'ஒன்று கூட்டல் ஒன்று'. ஒரே சிக்னலை இரண்டு பாதையிலும் எந்நேரமும் அனுப்பிக் கொண்டே இருப்பது. வாங்குகிற முனை எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். எதிர்முனையிடம் கேட்க வேண்டிய அவசியம் கூட இல்லை. செலவு இரட்டிப்பு, நிம்மதியும் இரட்டிப்பு.

இரண்டாவது வகை 'ஒன்றுக்குப் பல'. நாலு பஸ்ஸுக்கு ஒரு ஸ்பேர் பஸ் மாதிரி. எது நின்றுபோகிறதோ அதன் இடத்துக்கு ஸ்பேர் போகும். இதில் இரண்டு முனையும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். "3வது லைன் போச்சு, ஸ்பேர்ல வா" என்று ஒருவர் சொல்ல, "சரி, வந்துட்டேன்" என்று மற்றவர் சொல்ல வேண்டும். எஸ்.டி.எச்.சில் இந்தப் பேச்சுவார்த்தை நடப்பது கே1, கே2 என்ற இரண்டு பைட்டில். பழுது என்று கண்டுபிடித்த பிறகு 50 மில்லி வினாடிக்குள் மாறிவிட வேண்டும் என்பது விதி. கண் இமைக்கும் நேரத்தை விடக் குறைவு. போனில் பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒரு 'டிக்' சத்தம் கேட்டால் அதிகம்.

பழுதான லைன் சரியானதும் உடனே பழைய பாதைக்குத் திரும்பலாமா? கூடாது. ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கனெக்டர் வந்து வந்து போகும். அதை நம்பித் திரும்பினால் ஊஞ்சல் ஆட்டம்தான். அதனால் 5 நிமிடம் முதல் 12 நிமிடம் வரை காத்திருந்து, நிலைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகே திரும்புவது வழக்கம். இதை எல்லாம் யோசித்து வைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் பாதை மாறுவது வேறு, கார்டு மாறுவது வேறு. மல்டிபிளக்சரின் கன்ட்ரோல் கார்டு போனால் ஸ்டாண்ட்பை கார்டு வருகிறது. அந்த ஸ்டாண்ட்பையிடம் இருக்கும் மேப் எந்தத் தேதி மேப்? அண்ணன் வேலையைத் தம்பி பார்க்க வேண்டும் என்றால் அண்ணனுடைய நோட்டு தம்பியிடம் இருக்க வேண்டும். நோட்டு போன வருஷத்துது என்றால், தம்பி ரொம்பச் சுறுசுறுப்பாக, ரொம்ப வேகமாக, 50 மில்லி வினாடிக்குள் தப்பு செய்வான்!

இது கற்பனை இல்லை. போன விடுமுறையில் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே தொழிற்சாலைக்கும் குடியிருப்புப் பகுதிக்கும் இடையே ஃபைபரில் ஒரு ஈ-ஒன். அதில்தான் தீயணைப்பு அறையின் ஹாட்லைன், ஆஸ்பத்திரி லைன், கேன்டீன் லைன் எல்லாம். ரிசீவரைத் தூக்கினாலே எதிர்முனையில் மணி அடிக்கும், டயல் செய்ய வேண்டியதில்லை. சில மாதங்களுக்கு முன் யாரோ சேனல்களை இடம் மாற்றி, புது மேப்பை மெயின் கார்டில் மட்டும் சேமித்திருக்கிறார்கள். ஸ்டாண்ட்பை கார்டில் பழசே இருந்திருக்கிறது. ஒரு நாள் இரவு 11 மணி வாக்கில் மெயின் கார்டு போனது. ஸ்டாண்ட்பை ஜம்மென்று வேலையை எடுத்துக்கொண்டது. பச்சை விளக்கு. பதிவேட்டில் 'மாற்றம் வெற்றி' என்று எழுதியாகிவிட்டது.

தீயணைப்பு அறையில் ஒரு நல்ல பழக்கம். தினமும் காலை 6 மணிக்கு ஹாட்லைனைத் தூக்கி "லைன் சரியா?" என்று கேட்பார்கள். அன்றைக்குத் தூக்கியதும் எதிர்முனையில் கேட்ட குரல்: "எத்தனை பேருக்குண்ணே டீ?"

நாங்கள் சிரித்தோம். சீனியர் டெக்னீசியன் சிரிக்கவில்லை. "தம்பி, ராத்திரி பதினொண்ணுல இருந்து காலை ஆறு வரைக்கும் ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்துல தீப்பிடிச்சிருந்தா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

அவர் சரி செய்தது எதை வைத்து? ஆபீஸ் ஃபைலில் இருந்த மேப் அதைவிடப் பழசு. தன் சட்டைப்பையில் இருந்த சின்ன டைரியை எடுத்தார். அதில் தேதி போட்டு, எந்தச் சேனல் எங்கே போனது என்று கைப்பட எழுதி வைத்திருந்தார். பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டது. "அண்ணே, நீங்க ரிட்டயர் ஆனா இந்த டைரி?" என்று கேட்டேன். "என்னோட வீட்டுக்கு வந்துரும்" என்றார்.

ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு ஒருவருடைய சட்டைப்பையில் இருப்பது சரியா, நண்பர்களே? அந்த டைரியை நான் குறை சொல்லவில்லை. அதுதான் காப்பாற்றியது. அது எல்லாருக்கும் பொதுவான ஒரு பதிவேடாக ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

மின் பிரிவு நண்பர்களும் கேளுங்கள்

"இது எல்லாம் ஈ.சி.ஈ. பசங்க சமாச்சாரம்" என்று எலக்ட்ரிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

உயர் அழுத்த மின்பாதைகளைக் காக்கும் லைன் டிஃபரன்ஷியல் ரிலேக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாதையின் இரண்டு முனையிலும் ஓடும் மின்னோட்டத்தை ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் துண்டிப்பது அதன் வேலை. இந்த முனையின் அளவு அந்த முனைக்குப் போவது பெரும்பாலும் இதே மாதிரி மல்டிபிளக்சர் சேனல் வழியாகத்தான். சேதி போய்வரும் மொத்த நேரத்தை அளந்து, அதில் பாதியைப் போகும் நேரம் என்று எடுத்துக்கொள்ளும் ரிலேக்கள் உண்டு. அதாவது போகிற பாதையும் வருகிற பாதையும் சம தூரம் என்ற நம்பிக்கை.

இப்போது போகிற திசையில் மட்டும் ஃபைபர் அறுந்து, அந்தத் திசை மட்டும் 200 கிலோமீட்டர் சுற்றிப் போகும் மாற்றுப் பாதைக்கு மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ வினாடி. 200 கிலோமீட்டருக்கு 1 மில்லி வினாடி. ரிலே அதைப் பாதியாகப் பிரிப்பதால் 0.5 மில்லி வினாடி தப்புக் கணக்கு. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லி வினாடி, 360 டிகிரி. ஆக 0.5 மில்லி வினாடிக்கு 9 டிகிரி. எந்தப் பழுதும் இல்லாத மின்பாதையில், இல்லாத ஒரு வித்தியாசத்தை ரிலே பார்க்கும். சுற்றுப்பாதை இன்னும் நீளமாக இருந்தால் தவறாக டிரிப் ஆகவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் இப்படிப்பட்ட சேனலுக்கு ஒரு திசை மாறினால் மறு திசையும் சேர்ந்தே மாறும்படி அமைப்பார்கள்.

பார்த்தீர்களா? மாற்று ஏற்பாடு சரியாக, வேகமாக, விதிப்படி வேலை செய்தது. அதுவே தொல்லையாகவும் ஆனது. 'ஸ்டாண்ட்பை இருக்கு' என்ற ஒற்றை வரி போதாது. எது, எங்கே, எந்த வழியாக மாறும் என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

உலகம் பட்ட பாடு

1991 செப்டம்பர் 17. நியூயார்க் நகரம், மன்ஹாட்டன், தாமஸ் தெருவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் பெரிய தொலைபேசி நிலையம். அன்று வெயில் அதிகம். மின் நிறுவனத்துடன் இருந்த ஏற்பாட்டின்படி நிலையம் சொந்த ஜெனரேட்டருக்கு மாறியது. ஆனால் ரெக்டிஃபையர்கள் கைவிட்டுவிட்டன. சாதனங்கள் பேட்டரியில் ஓட ஆரம்பித்தன. அலாரம் வந்தும் கவனிப்பார் இல்லை. கவனிக்க வேண்டியவர்கள் ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தார்கள். எதைப் பற்றிய வகுப்பு என்று நினைக்கிறீர்கள்? அலாரம் அமைப்பைப் பற்றியது! சுமார் 6 மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்தது. நிலையம் படுத்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் லைன்களும் அதனோடு போனதால் நியூயார்க் வட்டார விமான நிலையங்கள் ஸ்தம்பித்தன.

கவனியுங்கள். முதல் பழுதை மாற்று ஏற்பாடு தாங்கிக்கொண்டது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அதுதான் ஆபத்தே. முதல் அடியை ஸ்டாண்ட்பை வாங்கிக்கொண்ட நிமிடத்திலிருந்து நாம் வெறும் உடம்போடு நிற்கிறோம். இரண்டாவது அடி விழும்போது தடுக்க எதுவும் இல்லை.

இன்னொன்று, நம் பக்கத்துக் கதை. 2008 ஜனவரி 30. எகிப்தில் அலெக்ஸாண்ட்ரியா அருகே மத்தியதரைக் கடலில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கடலடி கேபிள்களும் ஒரே நாளில் அறுந்தன. சீ-மீ-வீ 4 நம் சென்னையிலும் கரையேறும் கேபிள்தான். இந்தியாவின் இன்டர்நெட் தடுமாறியது. போக்குவரத்தைக் கிழக்கே, பசிபிக் வழியாகத் திருப்பிவிட வேண்டியிருந்தது. கேபிள் இரண்டு, ஆனால் அந்த இடத்தில் கடல் ஒன்று! நம் ஊரிலும் இதே கதைதான். மெயின் ஃபைபரும் ஸ்டாண்ட்பை ஃபைபரும் ஒரே பள்ளத்தில் போனால், ரோடு தோண்டும் ஒரு ஜே.சி.பி. போதும். இரண்டும் ஒரே வாயில் போய்விடும். பேப்பரில் இரண்டு கோடு போட்டுவிட்டால் இரண்டு பாதை ஆகிவிடுமா?

மூன்று மறுப்புகள்

"எல்லாம் ஆட்டோமேட்டிக், மனுஷன் எதுக்கு?" என்பார்கள். மேலே சொன்னதுதான் பதில். மாறுவது ஆட்டோமேட்டிக். மாறிவிட்டது என்று கவனிப்பதும், ஏன் மாறியது என்று தேடுவதும், அடுத்த அடிக்கு முன் சரி செய்வதும் ஆட்டோமேட்டிக் இல்லை.

"இது எல்லாம் பழைய சரக்கு, இப்போ எல்லாம் பாக்கெட்" என்பார்கள். பாதி நியாயம். ஈ-ஒன்னும் எஸ்.டி.எச்.சும் குறைந்து வருகின்றன என்பது உண்மை. ஆனால் ஈதர்நெட் வளையத்துக்கு ஜி.8032 என்று ஒரு பாதுகாப்பு விதி இருக்கிறது. அதன் இலக்கும் அதே 50 மில்லி வினாடி. அங்கே டைம்ஸ்லாட்டுக்குப் பதில் வி-லேன் எண். எண்ணை மாற்றிப் போட்டால் அங்கேயும் அடுத்தவர் வீட்டுக்குத்தான் போகும். பெட்டி மாறும், படம் மாறும், 'எது எங்கே போகிறது, போனால் என்ன வரும்' என்ற கேள்வி மாறாது. அதைக் கற்றுக்கொள்ள ஈ-ஒன்னைப் போல எளிமையான, கையால் எண்ணக்கூடிய ஆசான் வேறு இல்லை. நீச்சலைக் குளத்தில் பழகிவிட்டுத்தானே கடலுக்குப் போகிறோம்?

"பணம் எங்கே?" என்பார்கள். இது நியாயமான கேள்வி. நம் லேபில் இருப்பது ஒரே ஒரு மல்டிபிளக்ஸ் டிரெயினர் கிட். அதிலும் யாராவது ஒயரைப் பிடுங்கினால் திட்டு விழும். எனக்குத் தோன்றுவது, அந்த ஒயரைப் பிடுங்குவதையே ஒரு பரிசோதனையாக வைக்க வேண்டும் என்பதுதான்.

என்ன செய்யலாம்?

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போவதில் பயன் இல்லை. செலவில்லாமலும், குறைந்த செலவிலும் செய்யக்கூடியது நாலு.

ஒன்று. ரெக்கார்டு நோட்டில் மல்டிபிளக்சிங் பரிசோதனைக்கு அடுத்து ஒரு பக்கம் சேனல் மேப்புக்கு ஒதுக்க வேண்டும். சேனல் எண், டைம்ஸ்லாட் எண், எங்கிருந்து எங்கே, கடைசியாக மாற்றிய தேதி, மாற்றியவர் கையெழுத்து, சோதித்தவர் கையெழுத்து. மாற்றியவரும் சோதித்தவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இதற்குப் பைசா செலவில்லை.

இரண்டு. 'பிடுங்கிப் பார்' பரிசோதனை. இரண்டு கிட், நாலு டெலிபோன், இடையில் இரண்டு ஜோடி ஒயர், மாற்றிவிட ஒரு ரிலே. மெயின் ஒயரைப் பிடுங்கி, எத்தனை மில்லி வினாடி துண்டிப்பு என்று ஸ்டோரேஜ் ஆசிலோஸ்கோப்பில் அளக்க வேண்டும். பிறகு நாலு போனையும் தூக்கி, சரியான ஆள்தான் பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும். விளக்கைப் பார்த்து மார்க் போடக் கூடாது, குரலைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

மூன்று. ஒரு பேட்ச் வேண்டுமென்றே மேப்பில் ஒரு இடத்தை மாற்றி வைக்கட்டும். அடுத்த பேட்ச் அதைக் கண்டுபிடிக்கட்டும். திருடன் போலீஸ் விளையாட்டு மாதிரி சுவாரஸ்யமாகவும் இருக்கும். பாஸ் மார்க்குக்காக மனப்பாடம் செய்யும் 32ஐ விட இது மனதில் நிற்கும்.

நாலு. தொலைபேசி, ரயில்வே, மின்வாரிய அலுவலகங்களில் கழித்துக்கட்டிய பழைய மல்டிபிளக்சர்கள் இருந்தால், அதைக் கல்லூரிக்குத் தரும்படி மாணவர் மன்றத்தின் சார்பில் முதல்வர் மூலமாக முறைப்படி கடிதம் எழுத வேண்டும். அவர்களுக்கு அது இரும்பு விலை. நமக்கு அது ஒரு லேப். ஸ்பேர் கார்டு உள்ள ஒரே ஒரு ராக் கிடைத்தாலும் போதும், அடுத்தடுத்து வரும் தம்பி தங்கைகள் எல்லாருக்கும் பயன்படும்.

நம்மை 'ஒயர் இழுக்கிற ஆளு' என்று குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. நாமும் அதைக் கேட்டுக் கேட்டு நம்மைப் பற்றி அப்படியே நினைக்கப் பழகிவிட்டோம். நண்பர்களே, ஒரு நிலையத்தில் எந்தக் குரல் எங்கே போகிறது என்று தெரிந்தவன்தான் அந்த நிலையத்தின் உண்மையான சொந்தக்காரன். ஆஸ்பத்திரியின் லைன், தீயணைப்பின் லைன், ரயிலின் லைன், துணை மின்நிலையத்தின் லைன் என்று எத்தனையோ உயிர் அந்த 8 பிட்டில் தொங்குகிறது. அந்தப் பொறுப்பு நம் கைக்கு வரப் போகிறது. வரும்போது நம்மிடம் மேப் இருக்க வேண்டாமா?

மதிப்பெண் வரும், போகும். வேலையும் மாறும். ஆனால் மூன்று பழக்கங்களை இந்த வளாகத்திலிருந்தே எடுத்துக்கொண்டு போவோம்.

எழுதி வைப்போம். தேதி போடுவோம். பிடுங்கிப் பார்ப்போம்!